எமில் ஹவ்ரானெக்கின் பகுத்தறிவும் டெல்மர் பிக்கலின் தோள்பட்டையும்

"இந்த ஊர்ல மூடநம்பிக்கைங்கற சீக்கு அண்டாத மண்டை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, ஸ்டான்லி. அதைத்தான் நீ இப்ப வெட்டிக்கிட்டிருக்க. பாத்து வெட்டு."

கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, முடிதிருத்தும் கடையின் சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி எமில் ஹவ்ரானெக் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது, நியூ லிப்னாவின் முக்கியப் பிரமுகர்கள் என்று தங்களை எண்ணிக்கொள்பவர்கள் அத்தனை பேரும் அங்கே முறைக்காகக் காத்திருந்தோம். ஸ்டான்லி கத்தரியை நிறுத்தினான்.

"அப்படியா? வாசல்ல பெயிண்ட் அடிக்கிறவன் ஏணி சாத்தி வச்சிருக்கான். அதுக்கு அடியில போனா ஆகாதும்பாங்க. போய்ட்டு வாங்க பாப்போம்."

எமில் எழுந்தார். பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும், துணி பின்னால் அரச அங்கிபோல் புரள, தெருவுக்குப் போனார். ஏணிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளிப்பட்டார். அதே வழியாகத் திரும்பினார். திரும்பும்போது மேலேயிருந்து பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு அங்கியில் விழுந்தது.

"இதுக்குப் பேரு புவியீர்ப்பு," என்றார், நாற்காலியில் ஏறிக்கொண்டே. "பெயிண்ட் கீழதான் விழும். அதிர்ஷ்டம் கெட்டிருந்தா டப்பாவே விழுந்திருக்கும்."

"அப்ப அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்குங்கறீங்க."

"நீ வெட்டற வேலையைப் பாரு."

எங்கள் ஊரில் இப்படி ஒரு வாக்கைப் பகிரங்கமாகச் சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். மினசோட்டாவின் இந்த மூலையில் பேஸ்பால் ஆடாத ஊர் கிடையாது. பேஸ்பால் ஆடுகிற ஊரில் புத்தி சுவாதீனமான ஆள் கிடையாது. எங்கள் அணியான நாரைகள் ஒரு ஆட்டத்தில் ஜெயித்துவிட்டால், அன்று போட்டிருந்த காலுறையை அடுத்த தோல்விவரை யாரும் துவைக்க மாட்டார்கள். நல்ல ஆண்டுகளில் வீரர்களை எதிர்க்காற்றில் சந்திக்க முடியாது. ஆட்டம் நடக்கிற நாள் காலையில் ஸ்டான்லி எந்த வீரனுக்கும் கத்தரி எடுக்க மாட்டான். பங்குத் தந்தை ஃபாதர் குபெலிக் ஒரே தொப்பியைப் பல ஆண்டுகளாக மைதானத்துக்கு அணிந்து வந்தார். அந்தத் தொப்பியைப் பற்றி மறைமாவட்டத்துக்குப் புகார் போயிருப்பதாகப் பேச்சு. கேட்டால், "அது விசுவாசம்பா, மூடநம்பிக்கை வேற," என்பார்.

இவர்களுக்கு நடுவேதான் எமில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தடயம் கேட்டுக்கொண்டு வாழ்ந்தார்.

அவருக்கு இந்த ஒளி துப்பறியும் நாவல்களிலிருந்து கிடைத்தது. பனியில் அடைபட்ட மாளிகை, உள்ளே தாழிட்ட அறை, கம்பளத்தில் குப்புறக் கிடக்கும் பணக்காரர், எல்லாரையும் நூலக அறையில் உட்காரவைத்து மீசையைத் தடவிக்கொண்டு உண்மையைச் சொல்லும் துப்பறிவாளர்: இந்த வகை நாவலைத் தவிர வேறு எதையும் எமில் இலக்கியமாக ஒப்புக்கொண்டதில்லை. கொலைகாரன் யாரென்று பாதிப் புத்தகத்திலேயே கண்டுபிடித்துவிடுவதாக அவருக்குப் பெயர். பெயரை வைத்தவரும் அவரே. அவருடைய மனைவி ட்ரூடி இதன் பின்னுள்ள முறையை எங்களுக்கு விளக்கியிருக்கிறாள்.

"திங்கக்கிழமை காலையில சமையக்காரிதான் கொன்னாங்கறாரு. செவ்வாய்க்கிழமை டாக்டர்ங்கறாரு. புதன்கிழமை அந்த வீட்டு நாயைத் தவிர எல்லாரும் குத்தவாளி. கடைசியில யாரு மாட்டினாலும், 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே'ங்கறாரு. சொல்லத்தான் சொன்னாரு, இல்லேங்கல."

பிழைப்புக்குப் பிரதான வீதியில் ஷூ கடை. உள்ளே வருகிறவர் உட்காருவதற்குள் அவருடைய பழைய ஷூவைக் கழற்றித் திருப்பி, அடிப்பாகத்தைப் பார்த்து, அவருடைய வாழ்க்கையை அவருக்கே வாசித்துக் காட்டுவார்.

"குதிகால் உள்பக்கமா தேஞ்சிருக்கு. டிராக்டர்ல ஏறி இறங்கற ஆளு. சேறு காயல, காலையில ஆத்தங்கரைப் பக்கம் போயிருக்க. நடையில ஒரு வேகம் தெரியுது. வீட்ல பொண்டாட்டியோட சண்டை."

"நான் கல்யாணமே பண்ணிக்கல எமில்."

"பாத்தியா. சண்டைக்குப் பயந்துதான் பண்ணிக்கல."

ஷூ மட்டும் எல்லாருக்கும் சரியாகப் பொருந்தியது. அதை மறைக்கக் கூடாது.

ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். பிற்பகலில் மைதானத்தில் வாசிப்பார். மைதானத்து ஆர்கன் தேவாலயம் கழித்துக் கட்டிய பழைய மின்சார ஆர்கன்தான். அடிப்பவன் நிற்கிற இடத்துக்குப் பின்னால், உயரத்தில், மரப் பலகையில் ஒரு கூண்டு. அதில் ஒரு பக்கம் ஆர்கனோடு அவர், மறுபக்கம் மைக்கோடு நான். அடிக்க வருகிறவர்களின் பெயரை நான் அறிவிப்பேன்; எங்கள் ஆள் என்றால் அவனுக்கென்று எமில் தேர்ந்தெடுத்த மெட்டு உடனே எழும். தன்னை யாரும் எமிலைப்போல் புரிந்துகொண்டதில்லை என்று ஒவ்வொருவனும் உள்ளூர நம்பினான். அடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற, தொப்பை போட்ட கேட்சருக்கு நிதானமான வால்ட்ஸ். புதிதாகக் கல்யாணமான இடதுகைக்காரனுக்கு, அவன் வீட்டுக்கு ஓடுகிற வேகத்தில் ஒரு போல்கா. எதிரணியில் பந்து எறிபவனை மாற்றினால், அவன் நடந்து வெளியேறும்வரை சவ ஊர்வலத்துக்கு உரிய கம்பீரத்தோடு ஓர் இசை. மழைத் தண்ணீர் இறங்கி ஒரு கட்டை மட்டும் அழுத்தினால் எழாது. அந்தச் சுரம் வருகிற இடங்களில் எமில் இருமுவார். ஊர் அந்த இருமலையும் சேர்த்தே பாட்டை மனப்பாடம் செய்திருந்தது.

எதிரணி அடிக்க வரும்போது ஆர்கனுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் எமில் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஆர்கனின் மேல் விரித்துவைத்துப் படிப்பார். நம் ஆள் பந்து எறிகிறபோது இங்கே ஒரு மாளிகையில் விஷம் கலந்துகொண்டிருக்கும். நடுநடுவே நிமிர்ந்து ஆட்டத்தையும் பார்த்துக்கொள்வார்.

அந்தப் புத்தகங்களைக் கொடுப்பவன் டெல்மர் பிக்கல். நாரைகளின் பந்து எறிபவனும் அவனே. மற்ற நாட்களில் பால்வண்டி. விடியலில் ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் இருக்கும் தகரப் பெட்டிக்குள் பால் புட்டிகளை வைத்துவிட்டுப் போவான். எமில் வீட்டுப் பெட்டியில் மட்டும் பால் புட்டிகளுக்கு நடுவே, தான் படித்து முடித்த நாவலையும் செருகுவான். எமில் முடித்ததை அதே பெட்டியில் திருப்பி வைப்பார். யார் கொலைகாரன் என்று ஒருவருக்கொருவர் மூச்சுவிடுவதில்லை. படித்து முடித்த பிறகு சேர்ந்து உட்கார்ந்து, அந்த எழுத்தாளர் இதைவிட நன்றாகக் கொன்றிருக்கலாம் என்று பீர் தீரும்வரை விவாதிப்பார்கள். இருவருக்கும் இருபது வயது வித்தியாசம். நட்புக்கு அதற்குமேல் ஒரு காரணமும் தேவைப்படவில்லை.

டெல்மருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. எதிரணியில் ஒருவன்கூட ஹிட் என்கிற முறையான அடி ஒன்றை அடித்து, களத்தின் முதல் மூலையான முதல் பேஸைத் தொட முடியாமல், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்தையும் எறிந்து முடிக்க வேண்டும். ஒரே ஒரு ஹிட் விழுந்தாலும் போச்சு. பந்து எறிகிறவர்களில் பெரும்பாலோர் இதை ருசிக்காமலே செத்துப்போகிறார்கள். "ஒரே ஒரு தடவை எமில்," என்பான். "அப்புறம் நான் பாலோட நிறுத்திக்கறேன்."

இப்போது ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் யாரும் மீறுவதில்லை. ஒருவன் அப்படி ஹிட் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்தால், அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சக வீரர்கள் பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாததுபோல் முழு ஊரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சொன்னால் கெட்டுவிடும்.

ஒரு கோடையில், எட்டாவது இன்னிங்ஸ் முடிந்து, டெல்மர் தனியாக பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எமில் கூண்டிலிருந்து இறங்கினார். நேராக அவனிடம் போனார். முதுகில் தட்டினார்.

"டெல்மர், கவனிச்சியா? இன்னும் ஒரு ஹிட்கூட விழல."

பெஞ்சின் மறுகோடியில் ஒருவன் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. ஃபாதர் குபெலிக் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், யாரோ இறந்துவிட்டதுபோல்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் முதலில் அடிக்க வந்தவன், முதல் பந்தையே நடுவில் வெட்டியதுபோல் அடித்து முதல் பேஸில் போய் நின்றான்.

ஆட்டத்தில் நாரைகள் ஜெயித்தார்கள். யாரும் கொண்டாடவில்லை. அன்று மாலை தேவாலய விருந்தில் எமிலின் தட்டில் ரொட்டியும் முட்டைக்கோஸும் விழுந்தன, வாத்துக்கறி விழவில்லை. எமில் தட்டை நீட்டியபடியே ஊருக்கு நிரூபித்தார்.

"அஞ்சு காரணம் இருக்கு. ஒண்ணு, டெல்மர் களைச்சுப் போயிருந்தான். ரெண்டு, வளைவுப் பந்து மேல ஏறி வந்துச்சு. மூணு, காத்து மாறிடுச்சு. நாலு, அந்தப் பையன் நல்லா அடிக்கிற பையன். அஞ்சு, என்னிக்கோ ஒருநாள் விழவேண்டிய அடி விழுந்துதான் தீரும்."

"ஆறாவது காரணம் தட்டோட நிக்குது," என்றாள் ட்ரூடி.

மறுநாள் விடியலில் தகரப் பெட்டியில் பால் இருந்தது. புத்தகம் இல்லை. அடுத்த நாளும் பால் வந்தது. இலையுதிர்ந்து, பனி விழுந்து, பால் புட்டியின் கழுத்தில் பாலாடை உறைந்து மூடியைத் தூக்கி நிற்கிற மாதங்கள் முழுக்க, பால் ஒருநாளும் தவறாமல் வந்தது. எமில் தினமும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு உள்ளே வந்து, "தடயம் ஒண்ணும் இல்ல," என்பாராம்.

"போய் மன்னிப்புக் கேளு," என்றாள் ட்ரூடி.

"எதுக்கு? நான் சொன்னது உண்மை. அந்த நிமிஷம்வரைக்கும் ஹிட் விழல."

"அப்ப உண்மையோட பீர் குடி."

அந்தக் குளிர்காலத்தில் எமில் பழைய நாவல்களையே மறுபடி படித்தார். கொலைகாரன் யாரென்று இந்தத் தடவை நிஜமாகவே முன்கூட்டித் தெரிந்திருந்தது. அதில் அவருக்கு ஒரு சுகமும் கிடைக்கவில்லை என்பது ட்ரூடியின் வாக்குமூலம். கொள்கையை மட்டும் விடவில்லை. முடிதிருத்தும் கடைப் பிரகடனம் அந்தப் பனி விழுவதற்குச் சற்று முன்னால் வந்ததுதான். நட்பு போனாலும் பகுத்தறிவு போகவில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் டெல்மர் தானாகவே இளகினான். ஒரு காலை பெட்டியில் பாலோடு ஒரு நாவலும் இருந்தது. எமில் அன்று முழுக்கக் கடையில் யாருடைய ஷூவையும் திருப்பிப் பார்க்காமலே விற்றார்.

அதற்கும் அடுத்த ஆண்டு டெல்மரின் தோள்பட்டை தன் கருத்தைத் தெரிவித்தது. அறுவடை முடிந்ததும் அறுத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். அதன்பிறகு அந்தக் கை பால் புட்டி தூக்கும், பந்து எறியாது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, பக்கத்து ஊரான போலனுக்கு எதிரான ஆட்டம் அவனுக்குக் கடைசி ஆட்டம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. போலன்காரர்கள் ஜெர்மானியர்கள், சுத்தமான காலுறை போட்டு ஆடுகிறவர்கள், ஆகவே எங்களுக்கு அவர்கள்மேல் மரியாதை கிடையாது.

அன்று டெல்மர் எறிந்த எறி அந்தத் தோள்பட்டையிலிருந்து வந்ததென்று சொன்னால் எந்த டாக்டரும் நம்ப மாட்டார். பந்து போய்க்கொண்டே இருந்து, மட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் ஏதோ மறந்துவிட்டதுபோல் கீழே இறங்கியது. நான்காவது இன்னிங்ஸ் முடிந்தபோது அரங்கில் யாரும் ஸ்கோர் பலகையைப் பார்க்கவில்லை. ஐந்தாவது முடிந்தபோது டெல்மரின் பெஞ்சில் அவனுக்கு இருபுறமும் ஆள் நகர்ந்து காலியாகியிருந்தது. ஆறாவது முடிவதற்குள் ஃபாதர் குபெலிக் எங்கள் கூண்டின் படிகளில் ஏறி வந்து, மேல்படியில் வழியை அடைத்து உட்கார்ந்துவிட்டார். தொப்பியும் வந்திருந்தது.

"என்ன ஃபாதர், இங்க?" என்றார் எமில்.

"கீழ வெயில் தாங்கல. இங்க நிழலா இருக்கு."

"இந்த நேரத்துல நிழல் அந்தப் பக்கம். நீங்க உக்காந்திருக்கறது நல்ல வெயில்ல."

"துப்பறியாத எமில்."

படிக்குக் கீழே ட்ரூடி நின்றிருந்தாள், எலுமிச்சைச் சாறோடு. ஃபாதர் வழியாக டம்ளர் மேலே வந்தது; கூடவே செய்தியும் வந்தது.

"இன்னிக்கு நீ கீழ இறங்கினா, வீட்டுக்கு வராத. கடையிலயே படுத்துக்கோ."

எமிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் வாயைத் திறக்கறதுக்கும் அங்க நிக்கறவன் கையிலேர்ந்து போற பந்துக்கும் என்ன சம்பந்தம்? யாராவது ஒரு தடயம் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

"போன தடவை நீ வாயைத் திறந்த. அடி விழுந்துது," என்றார் ஃபாதர்.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீங்க தும்மினீங்க. நான் உங்க மேல சந்தேகப்பட்டேனா?"

ஃபாதர் அவசரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டார். அன்று ஆட்டம் முடியும்வரை அவர் மூக்கை விட்டதாக எனக்கு நினைவில்லை.

எமில் முகத்தைத் திருப்பிக்கொண்டு புத்தகத்தை விரித்தார். அந்த வாரம் பால் பெட்டியில் வந்த புத்தகம். கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டிருந்தார். ஏழாவது இன்னிங்ஸ். போலன் அடிக்க வந்தது. நான் பெயரை அறிவித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தபோது, எல்லாரும் நூலக அறையில் கூடிவிட்டார்கள் என்பது எமிலின் உதடு அசைவிலேயே தெரிந்தது. அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

அதுவரை கோடு போட்டதுபோல் போன டெல்மரின் பந்து வரிசையாக நான்கு முறை விலகிப் போயிற்று. விதிப்படி போலன்காரன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தே போனான். இது ஹிட் கணக்கில் சேராது. ஆனால் டெல்மர் தோளை ஒருமுறை பிடித்து உருட்டினான். அரங்கு முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பி, அப்படிக் கிளம்பியதே தப்பு என்று பாதியில் அடங்கியது.

எமில் நிமிர்ந்து பார்த்தார். டெல்மரைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். பிறகு, ஏதோ ஒரு வரி சரியாகப் புரியவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்கிற மாதிரி, திருப்பிய பக்கத்தைப் பழையபடி பின்னால் திருப்பினார்.

அடுத்த பந்தை, அடுத்து அடிக்க வந்த போலன்காரன் தரையில் அடித்தான். எங்கள் ஆட்கள் அதை எடுத்து ஒரே வீச்சில் இரண்டு பேரை அவுட்டாக்கினார்கள். அடுத்தவன் மூன்று முறை காற்றை அடித்துவிட்டுப் போனான்.

நான் எமிலைப் பார்த்தேன். எமில் அந்தப் பக்கத்தின் முதல் வரிக்குப் போய்விட்டிருந்தார்.

ஏழாவதின் நடுவில் கூட்டம் முழுக்க எழுந்து நின்று, சோம்பல் முறித்து, கையை ஆட்டிப் பாடுவது வழக்கம். அன்றும் எழுந்தார்கள். பாட்டு தொடங்கியதும் எல்லாருக்கும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. மேலே மெட்டு இருந்தது. கீழே தாளத்தைத் தூக்கிப் பிடிக்கிற கனத்த சுரங்கள் இல்லை. பலர் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்கள். எமில் வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். இடது கை புத்தகத்தின்மேல் இருந்தது.

"ஆர்கன் கெட்டுப் போச்சா?" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இடது கைக்கு ஓய்வு தேவைப்படுது. வயசாகுது."

எட்டாவது இன்னிங்ஸில் போலன்காரர்கள் மூன்று பேரும் வந்த வேகத்தில் திரும்பினார்கள். ஒவ்வொருவன் வரும்போதும் எமில் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். அவன் அவுட்டானதும் கீழிருந்து மேலே போனார். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் துப்பறிவாளர் எழுந்து நின்று, "இந்த அறையில் இருப்பவர்களில்" என்று ஆரம்பித்து நிறுத்தியிருந்தார் என்று எனக்குப் பின்னால் தெரியவந்தது. பாவம், அந்த மனிதர் அன்று எத்தனை முறை எழுந்து நின்றாரோ.

எங்கள் அணி அடிக்கிறபோது எமில் வாசித்தார். எல்லாம் ஒற்றைக் கையால். வால்ட்ஸ் நொண்டியது. போல்கா மூச்சு வாங்கியது. புது மாப்பிள்ளை அடிக்கப் போகாமல் நின்று, மனத்தாங்கலோடு கூண்டை அண்ணாந்து பார்த்தான்.

ஃபாதர் இதையெல்லாம் படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கைப் பிடித்த குரலில் மெதுவாகக் கேட்டார்:

"கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கட்டுமா எமில்?"

"எதை?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

ஒன்பதாவது. நாரைகள் முன்னணியில் இருந்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. டெல்மர் பந்து எறிகிற மேட்டுக்கு நடந்துபோனபோது தோளைத் தொடவில்லை. தொட்டால் அது இருப்பது ஞாபகம் வந்துவிடும் என்று பயந்தவன்போல் கையைத் தொங்கவிட்டே நடந்தான். முதல் ஆள் பந்தை வானத்துக்கு அனுப்பினான். கேட்சர் தன் தொப்பையோடு பின்னால் ஓடிப் பிடித்தான். இரண்டாவது ஆளை டெல்மர் நிற்கவைத்தே அவுட்டாக்கினான்.

மூன்றாவதாக, இவனும் அவுட்டானால் ஆட்டமே முடிந்தது என்கிற கட்டத்தில் வந்தவன் போலனின் பேக்கரிக்காரன். மாவு பிசைந்து பிசைந்து முன்னங்கை இரண்டும் ரொட்டிபோல் உப்பியவன். நான் அவன் பெயரை அறிவித்தபோது என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ரயில் பாதைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. கூண்டுக்குள் வந்து எமிலின் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தது. ஒரு பக்கத்தின் ஓரம் எழுந்து படபடத்தது. எமில் கட்டைவிரலால் அதை அழுத்தினார். போதவில்லை. உள்ளங்கையை விரித்து வைத்தார்.

பேக்கரிக்காரன் அடித்துவிட்டான்.

மட்டையில் பட்ட சத்தத்திலேயே அது எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாருக்கும் புரிந்தது. பந்து மேலே, இன்னும் மேலே போய், மைதானத்தின் கோடியில் இடுப்பளவு நிற்கும் பலகை வேலியை நோக்கி இறங்கத் தொடங்கியது. எங்கள் நடுக்கள ஆள் ஷூ கடை எமிலிடம் வாங்கிய ஷூவில் திரும்பி ஓடினான். வேலியில் வயிறு மோதியது. கையை நீட்டினான். வேலியைத் தாண்டி, ரயில் பாதையோரப் பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்து மறைந்தான். பந்தும் அவனோடு மறைந்தது.

பந்து கையில் இருக்கிறதா, புல்லில் இருக்கிறதா என்பது ஒருவருக்கும் தெரியாது. அம்பயர் அந்தத் தூரத்தைத் தன் வயதுக்கு ஏற்ற வேகத்தில் ஓடினார். டெல்மர் மேட்டில் நின்று, முதுகை எங்களுக்குக் காட்டியபடி அந்த வேலியையே பார்த்தான். முழு அரங்கும் எழுந்து நின்றது. ஃபாதரும் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன்.

எமில் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் வேலியைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பக்கத்தின்மேல் வைத்து, தலை குனிந்து, உதடு அசைய அதே வரிகளை மேலிருந்து படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவசரமாக மறுபடி மேலே போனார்.

அம்பயர் வேலிக்குமேல் எட்டிப் பார்த்தார். குனிந்து ஏதோ கேட்டார். பிறகு திரும்பி நின்று, வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தினார்: அவுட்.

அதன் பிறகுதான் எமிலின் கைகள் அந்தப் பக்கத்தை விட்டு எழுந்தன.